வியாகுலம்மாள் சொல்லாத ‘வேணாம்’

வியாகுலம்மாளின் தொண்டையைப் பற்றி அவள் புருஷன் பாஸ்கல் ஒரு கதை சொல்வான். கரையில் அவள் மீன் ஏலம் கூவினால், கடலுக்குள் கட்டுமரத்தில் இருக்கிற அவனுக்குக் கேட்குமாம். அன்றைக்கு வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டே துடுப்புப் போடுவானாம். பாஸ்கல் பெரும் புளுகன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னதில் பாதியாவது உண்மை.

ராயபுரத்தில் பிறந்து, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் அவள். குப்பத்தின் பெயரும், அதைக் கட்டி மேய்த்த பேரூர்ப் பஞ்சாயத்தின் பெயரும் இங்கே வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

கடற்கரை ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல் திடல். காலையில் கட்டுமரங்கள் கரையேறத் தொடங்கியதிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் அது வியாகுலத்தின் ராஜ்ஜியம். கூடையைக் காலால் முன்னே தள்ளுவாள், விலையைக் கூவுவாள், சுற்றி நிற்கிற வியாபாரிகளின் முகத்தைப் பார்ப்பாள். விரல் தூக்கியவன் கேட்கிறான். வாயை மூடிக்கொண்டு நிற்பவன் வேண்டாம் என்கிறான். அவ்வளவுதான் சட்டம். ஒருத்தரும் அசையாவிட்டால் அந்தக் கூடை விலை போகவில்லை என்று அர்த்தம். “அடுத்தது!” என்று சொல்லி அதை ஓரமாகத் தள்ளிவிடுவாள். பேசாமல் நின்றவன் தலையில் மீனைக் கட்டுகிற அக்கிரமம் எந்தக் கடற்கரையிலும் கிடையாது.

அந்த வியாபாரிகளில் ஹென்றி என்று ஒருவன் இருந்தான். “ஒரு தரம்” என்று அவள் கூவினால் வானத்தைப் பார்ப்பான். “ரெண்டு தரம்” என்றால் காதைச் சொறிவான். “மூணு தரம்” அவள் வாயை விட்டு முழுசாக வெளியே வருவதற்குள் அவனுடைய ஒற்றை விரல் மேலே போயிருக்கும். பதினைந்து வருஷம் இப்படியே வாங்கினான். பிறகு புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் காண்டிராக்ட் எடுத்து, வெள்ளைச் சட்டைக்கு மாறி, பஞ்சாயத்து மெம்பரும் ஆகிவிட்டான்.

வியாகுலம் மெம்பர் ஆனது அவளையே கேட்காமல் நடந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட பஞ்சாயத்தில் பெண் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று சட்டம். அறுபத்தைந்தாம் வருஷத் தேர்தலில் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. அப்படியானால் ஜெயித்து வந்தவர்கள் கூடி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். பதினொரு பேரும் பதினொரு பெயர் சொன்னார்கள். எல்லாம் அவரவர் பெண்டாட்டி, மச்சினி, அண்ணி. மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தலைவர் பக்தவச்சலத்துக்குப் பொறுமை போய்விட்டது. அவர் அரிசி மண்டிக்காரர். நல்ல மனுஷர், ஆனால் கெட்ட அவசரக்காரர்.

“நம்ம வூட்டுக்கு மீன் குடுக்குற வியாகுலத்தப் போடுங்கப்பா. இங்க கீற ஒருத்தனுக்கும் அவ சொந்தம் இல்ல” என்றார்.

யாருக்கும் சொந்தமில்லாதவள் என்ற தகுதியில் அவள் மெம்பரானாள்.

அறுபத்தாறு ஜூன் மாதக் கூட்டம்தான் அவளுக்கு முதல் கூட்டம். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் சௌக்கத் அலி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். முதல் ஆறு பொருளுக்கும் ஒரே இரைச்சல். கால்வாய்ச் சேற்றை யார் வாசலில் கொட்டுவது, தெருவிளக்கு எந்த முனையில் நடுவது என்று கத்திவிட்டு, கடைசியில் நாலு பேர் “சரி, சரி” என்பார்கள். “எழுதிக்குங்க பாய்” என்பார் தலைவர். வியாகுலத்துக்கு எல்லாம் சட்டென்று விளங்கிவிட்டது. அடடே, இது நம்ம ஏலம்தானே! விற்கிறவன் கூவுகிறான், வாங்குகிறவன் சரி என்கிறான்.

ஏழாவது பொருளைச் சௌக்கத் அலி படித்தார். பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு, கடற்கரை ரோட்டில் நடைபெறும் மீன் ஏலத்தை ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ரயில்வே கேட்டுக்கு மேற்கே உள்ள பஞ்சாயத்து நிலத்துக்கு மாற்றுவது.

அவளுக்கு உள்ளே தீப்பிடித்தது. தொழிற்சாலை அதிகாரிகளுக்குக் கடற்கரை ரோட்டில் புது வீடுகள் கட்டியிருந்தார்கள். மீன் நாற்றம் ஆகவில்லையாம். ஏலத்தை நகர்த்தினால் ஊருக்கு ஒரு படிப்பகம் கட்டித் தருகிறோம் என்று தலைவரிடம் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் அவள் காதுக்கு முன்பே வந்ததுதான். எழுந்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளியவள், சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. நாமாக வாய் கொடுத்தால் பேரம் தொடங்கிவிடும், பேரம் தொடங்கினால் எவனாவது வாங்கிவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “யாராவது எதனா சொல்றீங்களா?”

மின்விசிறி மட்டும் பேசியது.

“அடுத்தது” என்றார் தலைவர்.

அன்றைக்குக் குப்பத்துக்கு அவள் திரும்பிய நடையைப் பார்க்க வேண்டுமே! டோரதி முதலான மீன்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “கேட்டுக்கு அந்தாண்ட போவணும்னு ஒரு கூடையக் கொண்டாந்து வெச்சாங்கோ. ஒரு பயலும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. தலீவரு ஓரமா தள்ளிட்டாரு” என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பாஸ்கல் அன்றைக்குத் தன் பெண்டாட்டி அரசாங்கத்தையே நிறுத்தியதாக டீக்கடையில் சொன்னான்.

பத்தாம் நாள் பஸ் நிற்கிற இடத்தில் பஞ்சாயத்து முத்திரையோடு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஏலம் கேட்டுக்கு மேற்கே. கீழே, ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் என்று போட்டிருந்தது.

கேட்டுக்கு மேற்கே என்றால் தெரியாதவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. அந்தக் கேட் ஒரு தரம் மூடினால் நிலக்கரி வண்டி, சரக்கு வண்டி, அதற்குப் பின்னால் வெறும் எஞ்சின் என்று எல்லாம் போய்த் திறக்க அரை மணி நேரம் ஆகும். நாற்பது பெண்கள் தலையில் கூடையோடு வெயிலில் நிற்க வேண்டும். நெத்திலி கேட்டுக்குக் கிழக்கே மீனாகப் புறப்பட்டால் மேற்கே எருவாகப் போய்ச் சேரும். வண்ணாரப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிற வியாபாரிகள் வேறு கரையைத் தேடிப் போய்விடுவார்கள். நாற்பது அடுப்பும் அதோடு அணையும்.

“மெம்பரு ஆவறேன்னு போயி நம்ம வயித்துல மண்ணு போட்டுட்டியேக்கா” என்றாள் டோரதி. அவள் கத்தியிருந்தால் வியாகுலம் திருப்பிக் கத்தியிருப்பாள். டோரதி மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

புயலாகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். “இன்னா பாய் இது? ஒருத்தரும் எடுக்காத கூடைய எங்க தலையில கட்டிட்டீங்கோ?”

சௌக்கத் அலி பதறாமல் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். “உறுப்பினர் எவரும் ஆட்சேபிக்காததால் ஏகமனதாக நிறைவேறியது. பன்னெண்டு பேரும் வந்துகீறீங்க. உங்க கையெழுத்து தோ கீதும்மா.”

“அது வந்ததுக்குப் போட்ட கையெழுத்து!”

“வந்தீங்க. பேசல. பேசாட்டி சம்மதம்.”

“எங்க ஏலத்துல பேசாட்டி வேணாம், பாய்!”

சௌக்கத் அலி கண்ணாடியைக் கழற்றினார். இருபது வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர். பேசாமல் இருந்த மனுஷர்கள் உள்ளுக்குள் என்ன நினைத்தார்கள் என்று அவர் அதுவரை யோசித்ததே கிடையாது. “கூட்டத்துல அப்படி இல்லம்மா. வேணாம்னா வேணாம்னு வாய் வுட்டுச் சொல்லணும்” என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஊரையே எழுப்புகிற தொண்டை, வேண்டிய ஒரே ஒரு நாளில் மூடிக்கிடந்ததே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள். எதிரே வந்தவர்கள் வியர்வை என்று நினைத்திருந்தால் அது அவர்கள் பாடு.

ஆனால் வியாகுலத்தின் வெட்கம் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்குகிற சரக்கு அல்ல. மறுநாள் ஏலம் முடிந்ததும் செதில் ஒட்டிய கையோடு மறுபடி ஆபீசில் நின்றாள். “போட்ட தீர்மானத்த எடுக்க வழி கீதா, இல்லியா?”

இருந்தது. சௌக்கத் அலி விதிப்புத்தகத்தைப் புரட்டிப் படித்தார். நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாதத்துக்குள் ரத்து செய்ய வேண்டுமானால் மொத்த உறுப்பினரில் பாதிப் பேராவது ஆதரிக்க வேண்டும். பத்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு மெம்பர் வழிமொழிய வேண்டும். அவள் அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பன்னிரண்டில் பாதி ஆறு. ஆறு கை.

அங்கேயே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் குண்டெழுத்தில் தன் தீர்மானத்தை எழுதினாள். ஏலம் பழைய இடத்திலேயே நடக்க வேண்டும் என்று முடித்துவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். நாற்றம் என்பது முழுப்பொய்யும் இல்லையே. காலை பத்து மணிக்குள் திடலைக் கழுவிச் சுத்தமாக விடுவது மீன்காரப் பெண்களின் பொறுப்பு என்று இன்னொரு வரி சேர்த்தாள்.

வழிமொழியக் கமால் கிடைத்தான். சைக்கிள் கடைக்காரன். மீன் வியாபாரிகளின் சைக்கிளெல்லாம் பஞ்சர் ஆவது அவன் கடை வாசலில்தான். ஏலம் போனால் பஞ்சரும் போய்விடும் என்ற கவலை அவனுக்கு. “நீ எழுந்து நில்லுக்கா, நான் பின்னாலயே நிக்கிறேன்” என்றான். பக்கத்துக் குப்பத்து மெம்பர்கள் மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று அவர்களைக் கேட்டாள். “நீயே சும்மா குந்திகினு கீற, உனக்கு சம்மதம்னு நெனச்சோம்” என்றார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்து ஆயிற்று. ஆறாவதுக்கு ஹென்றியிடம் போனாள்.

ஹென்றி கேன்டீன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். “கம்பெனிக்காரன் சோறுக்கா இது. நான் கை தூக்கினா அவன் என்னியத் தூக்கிடுவான்.”

“அப்ப வேணாங்கிறியா?”

“வேணாம்னு எப்ப சொன்னேன்? பாக்கலாம்க்கா” என்று காதைச் சொறிந்தான்.

ஜூலைக் கூட்டத்தன்று பஞ்சாயத்து ஆபீசின் நாலு ஜன்னலிலும் முகங்கள். கூட்டத்தைப் பொதுஜனம் வெளியே நின்று பார்க்கலாம் என்பதும் விதியில் இருந்தது. அதை யாரும் அதுவரை பயன்படுத்தியதில்லை, அவ்வளவுதான். டோரதி முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடையோடு வந்தவர்கள் கூடையோடு நின்றதால் உள்ளே கொஞ்சம் வாசனை வந்தது. தலைவர் கைக்குட்டையை எடுத்தார். பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாகுலம் எழுந்து தன் தீர்மானத்தைப் படித்தாள். கமால் வழிமொழிந்தான். எதிர்த்த ஐந்து பேரும் படிப்பகம், நாகரிகம், ஊர் முன்னேற்றம் என்று முறை வைத்துப் பேசினார்கள். தலைவர் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரிம்மா. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

ஐந்து கை. சௌக்கத் அலி பென்சிலால் ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்துதான்.

ஹென்றி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைப் பதினைந்து வருஷம் பார்த்தவள் வியாகுலம். எங்கே பார்த்தோம் என்று ஒரு கணம் யோசித்தவளுக்குப் பொறி தட்டியது. தலைவர் “அப்போ தீர்மானம்...” என்று ஆரம்பிப்பதற்குள் கடற்கரைத் தொண்டையில் ஒரு குரல் கிளம்பியது.

“ஒரு தரம்!”

மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது என்று பாஸ்கல் பிற்பாடு சொல்வான். அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

“இன்னாம்மா இது, ஏலத் திடலா?” என்று தலைவர் எழுந்தார்.

“தலீவரு முடிவு சொல்றதுக்கு முன்னாடி யார் வேணா கை தூக்கலாம்னு விதி கீது. கீதா இல்லியா பாய்?” என்று கமால் கேட்டான்.

சௌக்கத் அலி புத்தகத்தைப் பார்க்கக்கூட இல்லை. “கீது” என்றார்.

“ரெண்டு தரம்!” இந்த முறை கூவியது வியாகுலம் மட்டுமல்ல. நாலு ஜன்னலும் சேர்ந்து கூவியது. ஹென்றியின் கை காதுக்குப் போய்ச் சொறிந்தது. வெள்ளைச் சட்டையும் கேன்டீனும் என்ன செய்யும்? பதினைந்து வருஷத்துப் பழக்கம் எலும்பில் கிடந்தது. மூன்றாம் தரத்துக்கு வியாகுலம் மூச்சை இழுத்தாள். அவள் வாய் திறந்து “மூ” என்று வருவதற்குள் காதில் இருந்த விரல் மேலே போய்விட்டது.

ஹென்றி தன் விரலைத் தானே அண்ணாந்து பார்த்தான்.

“இது கையா, விரலா?” என்றார் தலைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“விரல் கையிலதான் கீது தலீவரே” என்றார் சௌக்கத் அலி. அவர் கூட்டத்தில் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

எதிர்த்தவர்களில் ஒருவர் ஹென்றியின் தோளைத் தொட்டு, “தெரியாமத் தூக்கிட்ட, எறக்கிடு மாமு” என்றார். ஹென்றி விரலை இறக்கவில்லை. மற்ற நாலு விரலையும் பிரித்து முழுக்கையாக உயர்த்தினான்.

“ஏலத்துல கேட்ட மீன இதுவரிக்கும் நான் திருப்பிக் குடுத்தது இல்ல. நம்ம வழக்கத்துலயே அது கெடையாது. என் கை இது. எழுதிக்கோ பாய்.”

ஜன்னல்களில் எழுந்த கூச்சல் கேட்டு ரயில்வே கேட்கீப்பர் வண்டி தடம் புரண்டதோ என்று ஓடிவந்தான். டோரதி கம்பிக்குள் கையை விட்டு வியாகுலத்தின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, அகப்பட்ட கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஹென்றிக்குக் கேன்டீனும் போகவில்லை. அதிகாரிகளின் வீட்டுப் பெண்களுக்கு வாசலிலேயே பச்சை மீன் கிடைக்கிற சுகம் பழகிவிட்டிருந்தது. திடலும் பத்து மணிக்குள் பளிச்சென்று இருந்தது. படிப்பகம் மட்டும் வரவில்லை. நான்கு வருஷம் கழித்து, பஞ்சாயத்தே ஒரு சின்ன ஓட்டுக் கொட்டகையில் அதைத் தொடங்கியது. தீர்மானம் கொண்டுவந்தவள் வியாகுலம்.

எழுபதாம் வருஷத் தேர்தலில் அவள் தானாகவே நின்று ஜெயித்தாள். யாருக்கும் சொந்தமில்லை என்ற தகுதி போய், குப்பமே சொந்தம் கொண்டாடியது. ஜன்னலுக்கு வந்த பெண்கள் பிறகு எந்தக் கூட்டத்தையும் விடவில்லை. பக்தவச்சலமும் மாறினார். எந்தப் பொருளானாலும் முடிவு சொல்வதற்கு முன் மூன்று தரம் கேட்கிற வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. முதலில் கிண்டலாகத்தான் செய்தார். போகப் போக, மூன்றாம் தரத்தில்தான் சில பேருக்கு வாயே திறக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்.

ஆனால் அவளிடம் கேட்டால், அவள் பெரிதாக நினைத்தது வேறொன்று. அது நடந்தது அறுபத்தாறு ஆகஸ்டுக் கூட்டத்தில். போன கூட்டத்தின் குறிப்பைச் சௌக்கத் அலி படித்து முடித்ததும், இதில் திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்டார்.

வியாகுலம் எழுந்தாள். “இதுல இல்ல தலீவரே. ஜூன் மாசத்து ஏட்டுல கீது. ஏகமனதான்னு எழுதிகீது. அந்த ஒரு மனசுல எம் மனசும் கீதே, அத்த எடுத்துடணும்.”

“அந்தத் தீர்மானமே ரத்தாயிடுச்சே அக்கா” என்றான் கமால்.

“ரத்தாவட்டும். நாளைக்கு எவளாவது படிச்சா, வியாகுலம் சம்மதிச்சான்னுதானே படிப்பா? நான் சம்மதிக்கலியே.” அவள் குரல் ஏலத்துக்குப் பொருந்தாத மாதிரி தாழ்ந்துவிட்டது. முன் ஜன்னலில் டோரதி தலையைக் குனிந்துகொண்டாள்.

எழுதியதை அழிக்க விதியில்லை என்றார் சௌக்கத் அலி. ஓரத்தில் ஒரு வரி சேர்க்கலாம், கூட்டம் ஒப்புக்கொண்டால். அவர் ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் மெல்ல எழுதி, வாய்விட்டுப் படித்தார்.

“உறுப்பினர் வியாகுலம்மாள் அன்று வாய் திறக்கவில்லை, அவர் வழக்கப்படி அதற்கு வேண்டாம் என்று பொருள்.”

தலைவர் மேசையைச் சுற்றிலும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“யாராவது எதனா சொல்றீங்களா? ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்.”

மற்ற மெம்பர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஜன்னலில் டோரதியும் மூடிக்கொண்டிருந்தாள். வியாகுலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“எல்லாரும் பேசாம கீறாங்களே, இது இன்னா கணக்கு பாய்?” என்று கேட்டாள்.

“சம்மதக் கணக்கும்மா” என்று சொல்லி, சௌக்கத் அலி பென்சிலை வைத்துவிட்டு மைப்பேனாவை எடுத்தார்.